பதக்கக் கணக்கில் இடம்பெறாத வீராங்கனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதக்கம் தரக்கூடிய விளையாட்டுகளுக்கு மட்டுமே அரசு பணம் செலவிட வேண்டும் என்று வலியுறுத்தி, அண்மையில் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒலிம்பிக்கில் நாம் முன்னேற வேண்டுமானால், எந்த விளையாட்டில் யாருக்குப் பதக்கம் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணித்து, அங்கே நிதியைக் குவித்து, மற்றவற்றைத் தயங்காமல் கைவிட வேண்டும் என்றும், அதற்குப் பிரிட்டன் கண்முன்னே நிற்கும் சான்று என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பிரிட்டன் பெற்ற வெற்றியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பிரிட்டனில், அதே கணிப்பினால் கைவிடப்பட்டு, பின்னர் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒரு பெண்ணைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பிஎம்எக்ஸ் சைக்கிள் பந்தய வீராங்கனை பெத் ஷ்ரீவரின் விளையாட்டு வாழ்க்கையைச் சேர்த்துப் பார்க்காமல் அந்த முறைக்கு நற்சான்று வழங்குவது சரியாகாது என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் கட்டுரையாளர் பக்கமுள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டன் பெற்றது ஒரே ஒரு தங்கம். பதக்கப் பட்டியலில் அதன் இடம் 36. அதன்பின் தேசிய லாட்டரியின் வருமானத்தில் ஒரு பகுதி விளையாட்டுக்குத் திருப்பப்பட்டது. அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு யூகே ஸ்போர்ட் என்ற அமைப்பிடம் வந்தது. 2012 லண்டனில் 29 தங்கம், 2016 ரியோவில் 27 தங்கம் உட்பட 67 பதக்கங்கள், பட்டியலில் சீனாவையும் முந்தி இரண்டாம் இடம் என்று அந்நாடு உயர்ந்ததற்கு இந்தப் பங்கீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தத் தங்கங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். துடுப்புப் படகிலும் உள்ளரங்கச் சைக்கிள் பந்தயத்திலும் அவர்கள் குவித்தது ஏராளம். இரண்டுமே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட விளையாட்டுகள். ஒரு வீரர் இத்தனை நொடியில் இத்தனை தூரத்தைக் கடக்கிறார், ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு முன்னேறுகிறார் என்று காகிதத்தில் எழுதி வைத்தால், நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் எங்கே இருப்பார் என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லிவிடலாம். எல்லா விளையாட்டையும் இதே காகிதத்தில் எழுதிவிட முடியும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பிஎம்எக்ஸ் பந்தயத்தை நம் வாசகர்கள் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால், அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. 20 அங்குலச் சக்கரம், ஒரே கியர், பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் என்று, பார்வைக்குச் சிறுவர் சைக்கிள் போலவே இருக்கும் வண்டி அது. இருக்கை பெயரளவுக்குத்தான் இருக்கிறது. பந்தயம் முழுவதும் வீரர்கள் நின்றுகொண்டேதான் ஓட்டுகிறார்கள். ஒலிம்பிக்கில் எட்டு மீட்டர் உயரமுள்ள சரிவின் உச்சியில், அதாவது இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடி அளவு உயரத்தில், எட்டுப் பேர் ஒரே வரிசையில் முன்சக்கரத்தை ஓர் இரும்புத் தடுப்பில் முட்டுக்கொடுத்து நிற்கிறார்கள். பதிவுசெய்யப்பட்ட குரல் ஒன்று தயாராகும்படி அறிவிக்கிறது. அதற்குப் பிறகு தடுப்பு விழும் கணம் ஒவ்வொரு முறையும் மாறும். இடைவெளி நொடியில் பத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம், இரண்டரை நொடிக்கு மேலாகவும் இருக்கலாம். யாரும் முன்கூட்டியே ஊகித்துப் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

தடுப்பு விழுந்ததும் மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் கீழே இறங்கி, மண்மேடுகளைத் தாண்டி, சுவர்போல் உயர்த்திக் கட்டிய திருப்பங்களில் சாய்ந்து திரும்பி, சுமார் 400 மீட்டர் தூரத்தை முடிக்க 30 முதல் 45 நொடிகள் ஆகின்றன. எட்டுப் பேருக்கும் தனித்தனிப் பாதை சரிவின் அடிவரை மட்டும்தான். அதற்கப்பால் முதல் திருப்பத்துக்கு யார் முதலில் போய்ச் சேருகிறாரோ, அவருக்கே நல்ல வழி கிடைக்கிறது. மற்ற ஏழு பேரும் மீதமிருக்கும் இடத்துக்காகத் தோளோடு தோள் உரசிப் போராட வேண்டும். பத்தாண்டுப் பயிற்சியின் பலன் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு நொடிகளில் முடிவாகிவிடுகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இப்படிப்பட்ட பந்தயத்தில் கணிப்பு எந்த அளவுக்குப் பொய்க்கும் என்பதற்கு, பிஎம்எக்ஸ் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 2008 பெய்ஜிங் போட்டியே சாட்சி. பிரிட்டனின் ஷானேஸ் ரீட் 2007இலும் 2008இலும் உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர். தங்கம் அவருக்கே என்று பலரும் எதிர்பார்த்தார்கள். இறுதிப் போட்டியின் கடைசித் திருப்பத்துக்கு வரும்போது அவர் பிரான்சின் ஆன் கரோலின் ஷொசானுக்கு அடுத்து இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார். அப்படியே போயிருந்தால் வெள்ளி உறுதி. அவரோ ஷொசானை முந்திவிட முயன்று, சக்கரம் தட்டிக் கீழே விழுந்தார். எந்தப் பதக்கமும் கிடைக்கவில்லை. வெள்ளியோடு திருப்தி அடையாத அந்தக் குணம்தான் அவரை உலகச் சாம்பியனாக்கியது என்பது என் எண்ணம். ஆனால் நிதியைப் பங்கிடும் அதிகாரியின் ஏட்டில் அன்று எழுதப்பட்டது சுழியம்தான்.

2016 ரியோ ஒலிம்பிக் முடிந்தபின், டோக்கியோவுக்கான நிதியை ஒதுக்கியபோது யூகே ஸ்போர்ட் எடுத்த முடிவைத்தான் கட்டுரையாளர் விட்டுவிட்டார். பிஎம்எக்ஸ் பந்தயத்தில் ஆண்களுக்கு மட்டும் நிதி கொடுக்கப்பட்டது. பெண்களுக்குப் பதக்க வாய்ப்பு இல்லை என்று சொல்லி நிதி மறுக்கப்பட்டது. ஒரே விளையாட்டு, ஒரே பந்தயப் பாதை, ஒரே பயிற்சி மையம்; அதில் பாதிப் பேருக்குப் பயணச் செலவும் பயிற்சியாளரும் உண்டு, மீதிப் பாதிக்கு இல்லை. ரியோவில் ஆண்கள் இரட்டையரில் வெண்கலம் வென்றிருந்த பேட்மின்டன் விளையாட்டுக்கே அந்த முறை நிதி நிறுத்தப்பட்டது என்பதைச் சொன்னால், அந்தக் கணக்கு எவ்வளவு இறுக்கமாகப் போடப்பட்டது என்பது வாசகர்களுக்கு விளங்கும்.

பெத் ஷ்ரீவர் 1999ஆம் ஆண்டு ஏப்ரலில் பிறந்தவர். எசெக்ஸ் பகுதியிலுள்ள பிரெய்ன்ட்ரீ பிஎம்எக்ஸ் கிளப்பில் சிறு வயதிலேயே ஓட்டக் கற்றவர். நிதி நிறுத்தப்பட்ட காலத்தில் அவருக்குப் பதினெட்டுக்கூட நிரம்பவில்லை. பெண்களுக்கு எதிர்காலம் இல்லை என்று கணக்குப் போட்டு முடித்த அடுத்த ஆண்டே, 2017இல், அவர் ஜூனியர் பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். அதனால் கணக்கு மாறிவிடவில்லை. பிரிட்டிஷ் சைக்ளிங் அமைப்பின் மான்செஸ்டர் பயிற்சி மையத்தை விட்டு எசெக்ஸிலுள்ள பெற்றோர் வீட்டுக்கே திரும்பி, சிறு குழந்தைகள் பள்ளி ஒன்றில் பகுதி நேர உதவி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் பயிற்சி செய்தார்.

ஒலிம்பிக் தகுதி என்பது ஒரே நாளில் ஒரு தகுதிச் சுற்றில் வென்று வாங்கிவிடக்கூடியது அல்ல என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். நெதர்லாந்து, பிரான்ஸ், அமெரிக்கா, அர்ஜென்டினா என்று பல நாடுகளில் நடக்கும் உலகக் கோப்பைச் சுற்றுகளுக்குச் சொந்தச் சைக்கிளைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போய், புள்ளிகளைச் சேர்த்துத் தரவரிசையில் ஏற வேண்டும். விமானக் கட்டணம், தங்குமிடம், பயிற்சியாளர் சம்பளம், உடைந்தால் மாற்ற வேண்டிய உதிரிப் பாகம் என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். பரிசுப் பணமோ டென்னிஸிலும் கால்பந்திலும் புழங்குவதைப் போன்றது அல்ல. டோக்கியோவுக்குத் தகுதி பெறுவதற்காக 50,000 பவுண்டு இலக்கு வைத்து, இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார் ஷ்ரீவர். உலகின் மிக ஒழுங்கான விளையாட்டு நிதி முறை என்று கட்டுரையாளர் பாராட்டும் நாட்டில், உலக ஜூனியர் சாம்பியன் ஒருவர் அறிமுகம் இல்லாதவர்களிடம் பணம் கேட்டுத்தான் பந்தயத்துக்குப் போக வேண்டியிருந்தது. பின்னர் பிரிட்டிஷ் சைக்ளிங் அவரை மீண்டும் தன் பயிற்சித் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் இடைப்பட்ட காலத்தில் அவரைத் தாங்கியது வீடு, பகுதி நேரச் சம்பளம், பிறர் உதவி ஆகிய மூன்றும்தான்.

ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 30 அன்று, அரையிறுதியின் மூன்று ஓட்டங்களிலும் முதலாவதாக வந்து இறுதிக்குப் போனார். இறுதிப் போட்டியில் அவரைத் துரத்தியவர் லண்டனிலும் ரியோவிலும் தங்கம் வென்ற கொலம்பியாவின் மரியானா பஹோன். கடைசி நேர்பாதையில் பஹோன் நெருங்கி நெருங்கி வந்தும், நொடியில் நூற்றில் ஒன்பது பங்கு வித்தியாசத்தில் ஷ்ரீவர் முந்திவிட்டார். அவருடைய நேரம் 44.358 நொடி. எல்லையைக் கடந்ததும் கால் தசை பிடித்துத் தரையில் விழுந்தவரைத் தூக்கிப் பிடித்தவர், சற்று முன்னர்தான் ஆண்கள் பிரிவில் வெள்ளி வென்றிருந்த அவருடைய அணித் தோழர் கை வைட். தெற்கு லண்டனின் பெக்கம் பகுதியில் வளர்ந்த வைட், நிதி கிடைத்த பிரிவைச் சேர்ந்தவர். நிதி பெற்ற பிரிவுக்கு வெள்ளி, மறுக்கப்பட்ட பிரிவுக்குத் தங்கம் என்று இதை வைத்து ஒரு வாதத்தை எளிதாகக் கட்டிவிடலாம். ஆனால் அது வைட்டுக்குச் செய்யும் அநியாயமாகிவிடும். அவரும் உழைத்தே வாங்கினார். அடுத்த மாதமே நெதர்லாந்தின் பாப்பெண்டாலில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியிலும் ஷ்ரீவர் தங்கம் வென்றார்.

இதைச் சொன்னவுடன் சிலர், "பார்த்தீர்களா, கஷ்டம்தான் அவரை உருவாக்கியது, பணம் கொடுத்திருந்தால் இந்த வெறி வந்திருக்குமா?" என்று கேட்கக்கூடும். உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில் இந்தப் பேச்சைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் சிறிதும் உடன்பாடு இல்லை. ஷ்ரீவருக்குத் திரும்பிப் போகப் பெற்றோர் வீடு இருந்தது. அதே ஆண்டுகளில் அதே முடிவினால் சைக்கிளை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போன பெண்கள் இருந்திருந்தால் அவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் வரப்போவதில்லை. தப்பி வந்த ஒருவரைக் காட்டி, ஆற்றில் பாலம் தேவையில்லை என்று வாதிடக் கூடாது.

கட்டுரையாளர் அறவே தொடாத இன்னொரு செய்தி காயம். இந்த விளையாட்டில் அதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிட முடியாது. ஷ்ரீவரே 2022இல் பிரான்சின் நாந்த் நகரில் நடந்த உலகப் போட்டியில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு கிளாஸ்கோவில் உலகப் பட்டத்தை மீட்டார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன் பயிற்சியில் மீண்டும் காறை எலும்பு முறிந்தது. இது இந்த விளையாட்டில் சாதாரணக் காயம் என்றே எண்ணப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் சாம் வில்லோபி 2012இல் ஒலிம்பிக் வெள்ளி வென்றவர், இருமுறை உலகச் சாம்பியன். ரியோ ஒலிம்பிக் முடிந்த சில வாரங்களில், 2016 செப்டம்பரில், அமெரிக்காவில் பயிற்சியின்போது விழுந்து கழுத்து முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டு, கால்களின் இயக்கத்தை இழந்தார். பின்னர் அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே, ரியோவில் வெள்ளி வென்ற தன் மனைவி அலீஸுக்குப் பயிற்சியாளராகி, அவரை உலகச் சாம்பியன் ஆக்கினார்.

ரியோவில் ஆண்கள் தங்கத்தை வென்ற அமெரிக்காவின் கானர் ஃபீல்ட்ஸ், டோக்கியோ அரையிறுதியின் கடைசி ஓட்டத்தில், முதல் திருப்பத்தில் விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு, நுரையீரல் பாதிப்பு, விலா எலும்பு முறிவு. அதற்கு முந்தைய ஓட்டங்களில் எடுத்த புள்ளிகளே இறுதிக்குப் போகப் போதுமானதாக இருந்தும், அவர் இறுதிப் போட்டியின் நேரத்தில் மருத்துவமனையில் இருந்தார். அத்துடன் அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது. ஆஸ்திரேலியாவின் காய் சகாகிபாரா 2020 பிப்ரவரியில் பாதர்ஸ்ட் நகரில் நடந்த உலகக் கோப்பைச் சுற்றில் விழுந்து மூளையில் கடுமையாகக் காயமடைந்தார். பேசவும் நடக்கவும் மீண்டும் பழக வேண்டியிருந்தது. அவரைப் பார்த்துச் சைக்கிள் ஓட்டத் தொடங்கிய தங்கை சாயா, டோக்கியோவில் அரையிறுதியில் விழுந்து, தலைக் காயத்தால் அவதிப்பட்டு, விளையாட்டை விட்டுவிடலாமா என்று எண்ணும் நிலைக்குப் போய், பிறகு திரும்பி வந்து 2024 பாரிஸில் தங்கம் வென்றார்.

பதக்கக் கணக்குப் போடுபவர்கள் இந்தப் பக்கத்தை எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள் என்று கேட்க விரும்புகிறேன். வென்றால் கொடி நாட்டுக்கு, விழுந்தால் எலும்பு வீரருக்கு என்ற பங்கீட்டில், வெல்வதற்கு முன்பு செலவையும் வீரரே ஏற்க வேண்டும் என்றால், இந்தத் தொழிலுக்குத் துணிந்து பிள்ளையை அனுப்பக்கூடியவர்கள் வசதியுள்ளவர்கள் மட்டுமாகிவிடுவார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை முடிவாகும் நிதி இன்னொரு தீங்கையும் செய்கிறது. காயம் முழுதாக ஆறுவதற்கு முன்பே தகுதிப் புள்ளிகளுக்காக மீண்டும் சரிவின் உச்சியில் போய் நிற்கத் தூண்டுகிறது.

பாரிஸ் ஒலிம்பிக்கில் ஷ்ரீவருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும், ஏனெனில் என் வாதத்துக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டதாகக் கட்டுரையாளர் நினைக்கக் கூடாது. காலிறுதி, அரையிறுதி ஓட்டங்கள் அனைத்திலும் அவர்தான் முதலிடம், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. இறுதிப் போட்டியில் தொடக்கம் சரியாக அமையவில்லை. எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தார். முழு நிதியும், முழு ஆதரவும், நடப்புச் சாம்பியன் என்ற தகுதியும் இருந்தபோது கடைசி இடம். எதுவும் இல்லாத நிலையிலிருந்து வந்தபோது தங்கம். இதிலிருந்து நிதியால் பயனில்லை என்று முடிவு கட்டுவது, தங்கத்திலிருந்து கஷ்டமே நல்லது என்று முடிவு கட்டுவதைப் போலவே தவறு. ஒரே ஓட்டத்தில், நாற்பது சொச்சம் நொடிகளில் தீர்மானமாகும் ஒன்றை வைத்து ஒருவருடைய நான்கு ஆண்டு வாழ்வாதாரத்தைத் தீர்மானிப்பது பொருந்தாது என்பதைத்தான் இரண்டு முடிவுகளும் காட்டுகின்றன. அந்த எட்டாவது இடத்தை வைத்து மீண்டும் ஒருமுறை கணக்குப் போட்டால் பெண்கள் பிரிவு மறுபடியும் தெருவுக்குத்தான் வரும்.

வேறு வழி இருக்கிறதா என்றால், கொலம்பியாவைப் பார்க்கலாம் என்பேன். பிரிட்டனைவிடப் பல மடங்கு வசதி குறைந்த நாடு அது. பஹோன் பிறந்த மெடலின் நகரத்தில் அவர் பெயரிலேயே ஒரு பிஎம்எக்ஸ் பந்தயப் பாதை இருக்கிறது. 2016 உலகச் சாம்பியன் போட்டி அங்கேதான் நடந்தது. 2012 லண்டனில் கொலம்பியா பெற்ற ஒரே தங்கத்தை வென்றவர் அவர். அதே ஒலிம்பிக்கில் ஆண்கள் பிஎம்எக்ஸில் வெண்கலமும் அந்நாட்டுக்கே கிடைத்தது. டோக்கியோவில் பஹோனின் வெள்ளியோடு ஆண்கள் பிரிவில் இன்னொரு வெண்கலமும் வந்தது. ஒரு சாம்பியனைச் சுற்றி அடுத்த தலைமுறை ஓட்டிப் பழக மண்ணும் மேடும் திருப்பமும் கொண்ட இடங்கள் அங்கே இருக்கின்றன. பெக்கமில் கை வைட் வளர்ந்ததும் அப்படியொரு பேட்டைக் கிளப்பில்தான். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டக்கூடிய ஒரு பாதைக்கு ஆகும் செலவு, ஒரு தலைசிறந்த வீரரை நான்கு ஆண்டு உலகம் சுற்றவைக்கும் செலவைப் போல ஒரே நாளில் வீணாகிவிடுவதில்லை.

நம் நாட்டில் 2014 முதல் நடைமுறையில் உள்ள ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டம், பதக்க வாய்ப்புள்ள வீரர்களைத் தேர்ந்தெடுத்து உதவுகிறது. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதையே முழு விளையாட்டுக் கொள்கையாக்கி, பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கதவை மூட வேண்டும் என்ற கட்டுரையாளரின் பரிந்துரையைத்தான் ஏற்க முடியவில்லை. கட்டுரையின் இரண்டாம் பகுதி விரைவில் வெளிவரும் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். ரியோவுக்குப் பிறகு பிரிட்டன் பெண்கள் பிஎம்எக்ஸ் அணிக்கு நிதியை நிறுத்தியதையும், டோக்கியோவுக்குப் பிறகு அதே பெண்கள் மீது அந்நாடு கொண்டாடிய உரிமையையும் அந்தப் பகுதியிலாவது அவர் எடுத்துப் பேச வேண்டும். 2017இல் எசெக்ஸிலிருந்து ஷ்ரீவர் நிதி கேட்டு விண்ணப்பித்திருந்தால், தாம் பரிந்துரைக்கும் முறைப்படி அவருக்கு என்ன பதில் எழுதியிருப்பார் என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தஞ்சாவூர்.